மீந்த துண்டுகளின் கணக்கு



சென்ற மாதம் ஒரு மாலை செபமாலை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தபோது, என் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் தம் மகளுடன் ஆலய வாசலில் காத்து நின்றார். தீப்பெட்டி ஆபீசில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக உழைப்பவர். கணவர் இறந்த பின், அந்த வருமானத்தைக் கொண்டே மகளையும் மகனையும் கல்லூரி வரை கொண்டுவந்தவர். "தோத்திரம், சாமி" என்று கைகூப்பியவர், முகவுரை எதுவுமின்றி, "இவளுக்கு நீங்கதான் புத்தி சொல்லணும்" என்றார்.

செய்தி இதுதான். மகள் இரசாயனத்தில் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றவள். அவள் கையில் இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்று, அடுத்த நகரத்து மருந்துக் கம்பெனியொன்றில் தரப் பரிசோதனை வேலைக்கான உத்தரவு. மற்றொன்று, புனேயிலுள்ள ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்துள்ளதாக வந்த கடிதம். சூழலுக்குக் கேடின்றி நெடுங்காலம் நடத்தத்தக்க இரசாயன உற்பத்தியும், அதற்கான செய்முறைகளை உருவாக்குதலும் என்பது ஆராய்ச்சிப் பொருள். தாய்க்கு முதல் கடிதம் பிடித்திருந்தது, மகளுக்கு இரண்டாவது.

"அஞ்சு வருஷமாம், சாமி. முடிக்கையில இவளுக்கு இருபத்தொன்பது வயசு. டாக்டர் பட்டம் வாங்கினாலும் ஒரு ஊசிகூடப் போட முடியாதாம்" என்றார் தாய். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். குருமடத்தில் பதினோர் ஆண்டுகள் படித்து வெளிவந்தபோது என் தாயாரிடமும் உறவினர் இத்தகைய கேள்விகளைக் கேட்டதுண்டு.

புத்தி சொல்லுமுன் பொருளைப் புரிந்துகொள்வோம் என்று அந்தப் பெண்ணையே விளக்கச் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி என்னைத் திகைக்க வைத்தது. "பாதர், மூட்டுவலிக்கு நீங்கள் விழுங்கும் மாத்திரை ஒரு கிலோ செய்யும்போது, குப்பை எத்தனை கிலோ வரும் என்று நினைக்கிறீர்கள்?" அப்படியொரு கேள்வி இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

அவள் சொன்ன மாத்திரை ஐபுபுரூபன். இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்தில் பூட்ஸ் என்னும் கம்பெனியின் ஆய்வாளர்கள் ஸ்டூவர்ட் ஆடம்சும் ஜான் நிக்கல்சனும் கண்டுபிடித்து, 1961-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மருந்து. 1969-இல் அந்நாட்டில் மூட்டுவாத நோயாளருக்கு வழங்கப்படலாயிற்று. (விருந்தில் சற்று மிகுதியாக அருந்தியதால் வந்த தலைவலிக்கு ஆடம்ஸ் தாமே அதை விழுங்கிச் சோதித்தாராம். அந்த முறையை நான் யாருக்கும் பரிந்துரைக்கவில்லை.) பழைய செய்முறையில் ஆறு படிகள். ஆறு படிகளிலும் உள்ளே இடும் மூலப்பொருள்களை எடைபோட்டு, ஒரு துளிகூடச் சிந்தாமல் ஏட்டில் உள்ளபடியே எல்லாம் நடந்ததென்று வைத்துக்கொண்டாலும், 100 கிலோவில் 40 கிலோவே மருந்தாகும். மற்ற 60 கிலோ வேறு எதுவாகவோ மாறி வெளியேறும். முதற்படியில் சேர்க்கும் அலுமினியம் குளோரைடு இந்தக் கணக்கில் வரவே இல்லை. அது நீருடன் கூடி உதவாக் கழிவாகி நிலத்தில் கொட்டப்படும்.

காப்புரிமைக் காலம் முடிந்து போட்டி வந்த பிறகு, பூட்ஸ் வேறொரு கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து புதிய வழியொன்றைத் தேடிற்று. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் பிஷப் என்னும் ஊரில் 1992 முதல் அந்த வழியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 டன் மருந்து செய்யும் ஆலை நடந்தது. ('பிஷப்' என்றால் ஆயர், ஊரின் பெயரைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்ததை அந்தப் பெண் கவனித்திருப்பாள்.) ஆறு படிகள் மூன்றாயின. 100-க்கு 40 என்பது 77 ஆயிற்று. எஞ்சிய 23-உம் அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரின் புளிப்பு. அதையும் பிரித்தெடுத்துப் பயன்படுத்தினால் 99 வரை போகும். இதற்காக 1997-இல் அந்நாட்டுக் குடியரசுத் தலைவரின் பெயரால் வழங்கப்படும் பசுமை இரசாயன விருது அவர்களுக்குக் கிடைத்தது. அறம் ஒன்றே அவர்களை உந்தியது என்று நான் சொல்லமாட்டேன். செலவு குறையும் என்பதே முதற்காரணமாக இருந்திருக்கலாம். எனினும், கழிவைக் குறைப்பவன் நட்டப்படவேண்டும் என்னும் விதி எதுவும் இல்லை என்பதையாவது அந்த ஆலை காட்டிற்று.

இத்தகைய கணக்கைப் போடும் பழக்கமே அண்மைக் காலத்தது. ஒரு வினையில் இட்ட அணுக்களில் எத்தனை பங்கு விரும்பிய பொருளில் போய்ச் சேர்கிறது என்று கேட்கும் முறையை அமெரிக்கப் பேராசிரியர் பாரி டிராஸ்ட் 1991-இல் முன்வைத்தார். அடுத்த ஆண்டு, நெதர்லாந்தில் பணியாற்றிய ரோஜர் ஷெல்டன் இன்னும் எளிய கேள்வியொன்றைக் கேட்டார்: ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கழிவு? பெட்ரோலியச் சுத்திகரிப்பில் ஒரு கிலோவுக்கு 100 கிராமுக்கும் குறைவு. மருந்துத் தொழிலிலோ 25 கிலோ முதல் 100 கிலோவுக்கும் மேல்! புகைபோக்கியைப் பார்த்து நாம் முகம் சுளிப்பது ஓரிடம். வெள்ளை அங்கியைப் பார்த்து நிம்மதி கொள்வது மற்றோரிடம். சுத்திகரிப்பு ஆலைகள் செய்யும் பொருளின் அளவு மலையத்தனை என்பதால் அவற்றின் மொத்தக் கழிவும் பெரிதே. ஆயினும், ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று கேட்டால் விடை தலைகீழாகிவிடுகிறது.

ஷெல்டன் இந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்த கதையும் கேட்கத்தக்கது. அந்நாட்டில் ஓர் ஆலை, டி.என்.டி. என்னும் வெடிமருந்தை எடுத்து, அதிலிருந்து புளோரோகுளூசினால் என்னும் பொருளைச் செய்துவந்தது. அது மருந்து தயாரிப்புக்கு உதவுவது. வாள்களைக் கலப்பைக் கொழுக்களாக அடிப்பதைப் பற்றி எசாயா இறைவாக்கினர் கண்ட காட்சி நினைவுக்கு வருகிறதல்லவா? எனக்கும் வந்தது. ஆனால் அந்தக் கலப்பைக்கொழு ஒவ்வொரு கிலோவுக்கும் பின்னால் குரோமியம் கலந்த திடக்கழிவு ஏறத்தாழ 40 கிலோ குவிந்தது. அதை அகற்றும் செலவு பொருளின் விற்பனை விலையை எட்டியபோது உற்பத்தியையே நிறுத்தவேண்டியதாயிற்று. ஆலைக்குள் யாரும் தவறு செய்யவில்லை. எல்லா வினைகளும் பாடநூலில் உள்ளபடியே நடந்தன. நாற்பது கிலோவை எழுதுவதற்கு அந்தப் பாடநூலில் ஒரு வரிகூட இல்லை, அவ்வளவே.

அவள் பேசிக்கொண்டிருந்தபோது என் மனம் திபேரியாக் கடலோரத்துக்குப் போயிற்று. ஐயாயிரம் பேர் உண்ட நிகழ்ச்சியை நான்கு நற்செய்தியாளரும் எழுதுகின்றனர். பன்னிரண்டு கூடைகளை நால்வரும் குறிப்பிடுகின்றனர். ஆனால் மீந்த துண்டுகளைச் சேர்க்குமாறு நம் ஆண்டவர் கட்டளையிட்டதையும், எதுவும் வீணாகிவிடக் கூடாது என்று அவர் காரணம் சொன்னதையும் எழுதுபவர் யோவான் ஒருவரே. இந்தப் பகுதியை எத்தனையோ ஞாயிறுகளில் விளக்கியிருக்கிறேன். அப்பம் பெருகியதைப் பேசுவேன், நற்கருணையைப் பேசுவேன். கூடைகளைப் பற்றி ஒரு நிமிடத்துக்குமேல் பேசியதாக நினைவில்லை. ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்கு ஆக்க வல்லவர் துண்டுகளைப் பொறுக்கச் சொல்லவேண்டிய தேவை என்ன என்பதை இனிமேல்தான் நான் சிந்திக்கவேண்டும்.

தாய் இதுவரை குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "எல்லாம் சரி, சாமி. மருந்துன்னா எனக்குப் பயம். என் தங்கச்சியைக் கொண்டுபோனது மருந்துதானே."

தீப்பெட்டித் தொழிலில் குச்சியின் தலைக்குப் பூசும் கலவைக்கும் 'மருந்து' என்றுதான் பெயர். பல ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த தீ விபத்தொன்றில் அவருடைய தங்கை இறந்திருக்கிறார். நான் இந்தப் பங்குக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு நவம்பரிலும் இந்தத் தாய் தரும் இறந்தோர் பட்டியலில் அந்தப் பெயரைப் பீடத்திலிருந்து வாசித்திருக்கிறேன். யார், எப்படி இறந்தார் என்று ஒருமுறையும் கேட்டதில்லை. மகள் தலைகுனிந்து இருந்தாள்.

அந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட நான் தயாராக இல்லை. 1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு போபாலில் நடந்ததை என் தலைமுறையினர் மறக்க இயலாது. நான் அப்போது பள்ளி மாணவன். மெத்தில் ஐசோசயனேட் என்னும் நச்சுத் திரவம் இருந்த தொட்டியில் நீர் புகுந்து, ஏறத்தாழ 40 டன் நஞ்சு காற்றில் பரவி, உறங்கிய ஆயிரக்கணக்கான மக்களை மாய்த்தது. அந்தத் திரவம் அந்த ஆலை விற்கும் பொருள் அன்று. பூச்சிக்கொல்லி செய்யும் வழியில் நடுவில் பிறந்து நடுவிலேயே மறையவேண்டிய பொருள். உடனுக்குடன் செய்து உடனுக்குடன் செலவழித்திருந்தால் அத்தனை டன் அங்கே இருந்திருக்காது. சேர்த்து வைப்பது வசதி என்பதால் சேர்த்து வைத்தார்கள். ஆபத்தான பொருளைப் பூட்டிக் காப்பதைவிட, அதை வைத்திருக்கவே தேவையில்லாத செய்முறையைத் தேடுங்கள் என்று டிரெவர் கிளெட்ஸ் என்னும் ஆங்கிலேயப் பாதுகாப்பு அறிஞர் 1977-லேயே சொற்பொழிவாற்றியிருந்தார். 1974-இல் இங்கிலாந்தின் பிளிக்ஸ்பரோ ஆலை வெடித்து 28 பேர் மாண்டதே அவருக்குப் பாடம்.

"நான் போகும் இடத்தில் செய்வது இதைத்தான், பாதர்" என்றாள் மகள். அதை அவள் விளக்கிய விதம் எனக்கும் தாய்க்கும் ஒருங்கே விளங்கிற்று. திருவிழா அசனத்துக்குச் சமைப்பவரைக் கேளுங்கள். நால்வருக்கு ஆக்கும் சோற்றின் கணக்கை நூறால் பெருக்கி நானூறு பேருக்கு ஆக்கமுடியாது என்பார். அண்டாவின் அடியில் பிடிக்கும், நடுவில் வேகாது. ஆய்வுக்கூடத்துக் குடுவைக்கும் ஆலையின் கலனுக்கும் உள்ள தொல்லை இதுவே. 100 மில்லி குடுவையில் நடந்த வினையை அதே வடிவமுள்ள 10,000 லிட்டர் கலனில் நடத்தினால், கொள்ளளவு ஒரு லட்சம் மடங்கு பெருகும். வெப்பம் வெளியேற வேண்டிய சுவரின் பரப்போ ஏறத்தாழ 2,150 மடங்குதான் பெருகும். சிறு குடுவையில் கை பொறுக்கும் சூடு, பெருங்கலனில் கட்டுமீறிவிடும். கண்டுபிடிப்பதோடு வேலை முடிவதில்லை. அதைப் பெரிய அளவில் பத்திரமாக, கழிவு குறைவாகச் செய்யும் வழியைக் கண்டறிவது தனியொரு படிப்பு.

அதற்கு இக்காலத்தார் காணும் வழிகளுள் ஒன்று அண்டாவையே கைவிடுவது. மெல்லிய குழாய்களின் வழியே திரவங்களை ஓடவிட்டு, ஓடும் போதே வினையை முடித்துவிடுகிறார்கள். எந்த நொடியிலும் குழாய்க்குள் இருப்பது சிறிதளவே. சுவர் அருகிலேயே இருப்பதால் சூடும் உடனே வெளியேறும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் இதே ஐபுபுரூபனை மூன்று நிமிடங்களில் இவ்வாறு செய்து, 2015-இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் எல்லாத் தொல்லைகளும் தீர்ந்தன என்று அவள் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பிடித்தது. விருது பெற்ற அந்த மூன்று படிச் செய்முறையிலும் முதற்படிக்கு ஹைட்ரஜன் புளோரைடு என்னும் கொடிய நஞ்சு வேண்டும், மூன்றாவதற்குக் கார்பன் மோனாக்சைடு வேண்டும். நஞ்சைச் சிந்தாமல் மீட்டு மீட்டுப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை. நஞ்சு நஞ்சுதான் என்பதும் உண்மை.

இப்போது நான் தாயின் பக்கம் திரும்பினேன். தீப்பெட்டி ஊரில் பங்குத்தந்தையாக இருப்பவன் அதன் வரலாற்றைச் சற்றுப் படித்திருக்கவேண்டும் என்று வந்த புதிதில் நான் தேடிப் படித்தவை அன்று உதவின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தீக்குச்சியின் தலையில் வெள்ளைப் பாஸ்பரசைச் சேர்த்தார்கள். அந்த ஆலைகளில் உழைத்த பெண்களுக்கும் சிறுவருக்கும் பல்லில் நோவு தொடங்கும்; பிறகு தாடை எலும்பே அழுகும். பாதுகாப்பு அறிவுரைகள் சொன்னார்கள், காற்றோட்டம் வைத்தார்கள், நோய் நிற்கவில்லை. சுவீடனில் குஸ்தாவ் எரிக் பாஷ் என்பவர் 1844-இல் தீங்கற்ற சிவப்புப் பாஸ்பரசைக் குச்சியில் வைக்காமல் உரசும் பரப்பில் வைக்கும் வழியைக் கண்டார். பிரான்சு நாட்டு அரசுத் தீப்பெட்டித் தொழிலைச் சேர்ந்த செவேன், காயேன் என்னும் இருவர் 1898-இல் எங்கு உரசினாலும் எரியும் குச்சிக்கு வேறொரு கலவையைச் செய்தார்கள். 1906-இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்ய உடன்பட்டன. இந்தியாவில் 1913-இல் தடைச் சட்டம் வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிச் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1923-இல்.

"அம்மா, அந்த நஞ்சு உங்கள் பாட்டி கைக்குக்கூட வரவில்லை. முகம் தெரியாத சிலர் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து செய்முறையை மாற்றினார்கள். அவர்களுடைய தாய்மாரும் எப்போது கல்யாணம் என்று கேட்டிருப்பார்கள்" என்றேன்.

அவர் தம் தாடையைத் தடவிக்கொண்டார். பின் கேட்டார்: "அப்படின்னா என் தங்கச்சி ஏன் செத்தா, சாமி?" இதற்கு என்னிடம் விடை இல்லை. நெருப்பைத் தொழிலாகக் கொண்ட ஊரில் தாடை பிழைத்தது, உடல் பிழைக்கவில்லை. பாஸ்பரசுக்குச் சட்டம் வந்த பிறகும் பல தலைமுறைச் சிறுவர்கள் குச்சி அடுக்கித்தான் வளர்ந்தார்கள். இரசாயனத்தை மாற்றுவது ஒரு வேலை. அதை நடத்தும் மனிதரை மாற்றுவது வேறொரு வேலை. பின்னது என் போன்றோர் பொறுப்பிலும் இருக்கிறது. அதை நான் செவ்வனே செய்ததாகச் சொல்லமுடியாது.

மகளுக்கும் ஒன்று சொன்னேன். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலில், இயற்கை தன் கழிவையெல்லாம் மீண்டும் உணவாக்கிக்கொள்ள, நம் தொழில்முறை அவ்வாறு செய்யக் கற்கவில்லை என்று வருந்துகிறார். அவர் அதைக் கேள்வியறிவால் மட்டும் எழுதவில்லை. சேசு சபையில் சேருமுன் இரசாயனத் தொழிற்கல்வி பயின்று, புவெனஸ் ஐரெஸ் நகரத்து ஆய்வுக்கூடமொன்றில் வேலை பார்த்தவர். அங்கே அவருக்குத் தலைவியாக இருந்தவர் எஸ்தர் பாலஸ்திரினோ தெ கரேயாகா என்னும் பராகுவே நாட்டு அம்மையார், பொதுவுடைமைக் கொள்கையர். ஒருநாள் இளைஞர் சோதனை முடிவை மிக விரைவில் கொடுக்க, சோதனையைச் செய்து பார்த்தாயா என்று கேட்டார். முந்தைய முடிவுகளைப் பார்த்து இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று எழுதியதை அவர் ஒப்புக்கொண்டார். வேலையை முறையாகச் செய்யவேண்டும் என்று அம்மையார் கண்டித்ததைத் திருத்தந்தை முதுமையிலும் நன்றியோடு நினைவுகூர்ந்தார். காணாமற்போன பிள்ளைகளுக்காக அர்ஜென்டினாவின் இராணுவ ஆட்சியிடம் நீதி கேட்ட அன்னையருள் ஒருவரான அந்த அம்மையார், 1977 டிசம்பர் 8-ஆம் நாள், அமல அன்னை திருநாளன்று, ஆலயத்தருகே கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். "கழிவின் கணக்கைக் கேட்கப் போகிறவள் நீ. உன் ஏட்டில் கேளாத எண்ணை எழுதிவிடாதே" என்றேன். ஐந்து ஆண்டுகளில் மூன்று ஆண்டுகள் தோல்வியாகவே போகலாம் என்று அவள் பேராசிரியர் முன்னரே எச்சரித்திருக்கிறாராம்.

பணத்தைப் பற்றியும் பேசினோம். அதைப் பேசாமல் புத்தி சொல்வது எளிது. தேசியத் தேர்வில் வென்றவள் ஆதலால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும் அரசு உதவித்தொகை உண்டு. 2023 முதல் நடைமுறையிலுள்ள தொகை இது. மருந்துக் கம்பெனி தருவதாகச் சொன்னதைவிட இது மிகுதி என்பது தாய்க்கு அன்றுதான் தெரிந்தது. சில மாதங்கள் தாமதமாக வரக்கூடும் என்பதையும் மகள் மறைக்கவில்லை. தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்கு மாதந்தோறும் ஒரு தொகை அனுப்புவதாகச் சொன்னாள். கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேன், சாமி" என்று தாய் எழுந்தார்.

இரண்டு வாரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிறு திருப்பலியில் பார்ப்பேன், கைகூப்புவார், போய்விடுவார். சென்ற வெள்ளியன்று உபதேசியார் திருப்பலிக் கருத்து நோட்டைக் கொண்டுவந்தார். சனிக்கிழமைக் காலைக்கு அந்தத் தாயின் கையெழுத்தில் இரண்டு கருத்துகள் இருந்தன. முதல் வரியில் தங்கையின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. அடுத்த வரியில், மகள் இரயில் பயணம் நலமாய் அமைய.